பத்து மணிக்குள் பையனை வீட்டில் அடைப்பது எப்படி?

நம் மலேசியாவில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது நடுராத்திரியில் பையன்கள் ஏதாவது விபரீதத்தில் மாட்டிக்கொண்டால், பொழுது விடிந்ததும் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பார். இன்னொருவர், “அது பிள்ளைகளின் உரிமையில் கைவைப்பது” என்பார். பேச்சு ஒரு வாரம் ஓடும். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், அடுத்த விபத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று.

2017 பிப்ரவரி 18 அன்று ஜொகூர் பாருவில், அதிகாலை மூன்று மணி வாக்கில், மாற்றியமைத்த சைக்கிள்களில் சாலையில் இருந்த பிள்ளைகள்மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். ‘பெற்றோர் எங்கே போனார்கள்?’ என்று அன்று நாடே கேட்டது. நியாயமான கேள்விதான். பதிலைத்தான் யாரும் நின்று கேட்கவில்லை.

அந்த ஊரடங்கு என்றாவது சட்டமாகி எங்கள் கோல சிலாங்கூர்ப் பக்கம் வந்து இறங்கினால் மக்கள் தடுமாறக் கூடாது அல்லவா? தோட்டத்தில் பிறந்து தாமானில் நரைத்தவன் என்ற தகுதியில் இந்தக் கையேட்டைத் தயாரித்திருக்கிறேன். பெற்றோர்கள், போலீஸ்காரர்கள், ஒய்.பி.கள் என்று நாம் அழைக்கும் மக்கள் பிரதிநிதிகள் வெட்டி எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

வீடு – 1 (பையன் கால் நீட்டிப் படுக்க இடம் உள்ளது).
பெற்றோர் – குறைந்தது 1 (இரவில் வீட்டில் இருப்பவர்).
கடிகாரம் – 1.
ரோத்தான் (பிரம்பு) – ருசிக்கேற்ப.

குறிப்பு: முதல் இரண்டும் எங்கள் வட்டாரத்தில் சுலபத்தில் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் ரோத்தானை இரண்டு மடங்காக்கிக் கொள்ளலாம் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். குழம்பில் உப்பில்லை என்றால் மிளகாயை அள்ளிப் போடுகிற சமையல் அது.

முதல் படி: யார் பிள்ளை என்று முடிவு செய்யுங்கள்

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் சிறார். ஆனால் 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசன் எடுக்கலாம். ஆகவே பையன் லைசனோடு வந்து காலில் விழும்போது ஆசீர்வாதம் செய்துவிட்டு, “பத்து மணிக்கு மேல் இந்த லைசனுக்கு வயசு பத்தாது” என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்த வயதுக்காரர்களை இரவு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்குவதற்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வேலி போட்டிருக்கிறது. பத்து மணிக்கு மமாக் கடையில் மேசை துடைக்கும் பதினாறு வயதுப் பையனைப் பார்த்தால், முதலாளியிடம் இன்றைக்கே கேட்கலாம். கேட்பவர் இல்லை. தேத்தாரிக் ஆறிவிடுமே! ஊரடங்கு வந்தால் ஒரு வசதி: இனி அந்தக் கேள்வியை முதலாளியிடம் கேட்க வேண்டாம், பையனிடமே கேட்டுவிடலாம்.

இரண்டாம் படி: விதிவிலக்குப் பட்டியல் எழுதுங்கள்

தாள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். டியூஷன் முடிந்து வருபவனை விட வேண்டும். பாசார் மாலாமில் அப்பாவோடு அப்பளப்பூ பொரிப்பவனை விட வேண்டும். தோட்டத்துக் கோவில் திருவிழாவில் சாமி புறப்படவே பதினொன்று ஆகும். காவடிக்குக் கூடப் போகிறவன், உறுமி அடிக்கிறவன், சும்மா ஆடுகிறவன் மூவரையும் விட வேண்டும். மூன்றாமவனை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்காதீர்கள், கோவில் தலைவருக்கே தெரியாது.

கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் மறந்துவிடக் கூடாது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும் பூச்சிகள் அவை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து இருட்டிய பிறகு படகில் ஏற்றிக் காட்டுகிறோம். வெளியூர்ப் பிள்ளை இருட்டில் போனால் சுற்றுலா, உள்ளூர்ப் பிள்ளை போனால் குற்றம் என்று சட்டத்தில் தெளிவாக எழுதிவிட்டால் குழப்பம் வராது.

மூன்றாம் படி: முன்னோர் வழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

எங்கள் வடக்குச் சிலாங்கூர் தோட்டங்களுக்கு ஊரடங்கு புதிதல்ல. எங்கள் லயத்தில் மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வரும். ஒன்பதரை மணிக்கு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். சோறு உண்ணாதவன் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும், பாய் விரிக்காதவன் விரித்துக்கொள்ள வேண்டும். பத்துக்கு அணைந்துவிடும். விடியற்காலை ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் காவல்காரர் அடிப்பார். பெரட்டுக்குப் பேர் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போகிற வீட்டில் பிள்ளை எதற்கு விழித்திருக்கப் போகிறான்? ஊர் அடங்கியது, அவனும் அடங்கினான். இதற்குச் சட்டம் எழுதியவர் யாருமில்லை.

‘ஊரடங்கு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஊர் தானாக அடங்குவது ஒன்று. ஊரைப் பிடித்து அடக்குவது இன்னொன்று. இரண்டாவது வகையிலும் எங்களுக்கு அனுபவம் உண்டு. 1948இல் அவசரகாலம் வந்த பிறகு தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி எழுந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியில் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று வாசலில் சோதித்தார்கள். சிலாங்கூர் எல்லையைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். 1952 மார்ச்சில் அங்கே அதிகாரிகளும் போலீஸ்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டதும், பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். அந்த முறையில் பையன்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதற்கு முழு உத்தரவாதம் உண்டு. பாட்டி, கைக்குழந்தை, பசி எல்லாமும் கூடவே இருக்கும்.

நான்காம் படி: சைக்கிளைக் கவனியுங்கள்

நீங்கள் பிடிக்க வேண்டிய வாகனத்தின் பெயர் ‘பாசிக்கல் லாஜாக்’. பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியையும் இருக்கையையும் தாழ்த்தி, இருக்கைமேல் வயிற்றை வைத்துக் கால்களைப் பின்னால் நீட்டிப் பறப்பார்கள். பெஸ்தாரி ஜெயா சாலையில் மணல் லோரி ஓடும் நேரத்தில் இதைப் பார்த்தால் நெஞ்சு நின்றுவிடும். ஆபத்தானது, நிறுத்த வேண்டியது. இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

ஆனால் பிடித்த பையனுக்கு அறிவுரை சொல்லும்போது “உன் தாத்தா காலத்தில் இப்படி உண்டா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உண்டு. 1941இல் கிள்ளானில் தொடங்கிக் கோல சிலாங்கூர் தோட்டங்கள்வரை பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானதும், ராணுவம் வந்து இறங்கியதும் அந்தப் போராட்டத்தில்தான். ஆக, இந்த மாவட்டத்தில் சைக்கிளில் போகும் தமிழனை இறங்கச் சொல்வதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பேரனுக்கு அது தெரியாது. நமக்கும் மறந்துவிட்டது.

ஐந்தாம் படி: விசாரியுங்கள்

இதற்கு நானே செய்து பார்த்த உதாரணம் தருகிறேன். போன ஆண்டு ஒரு நாள் இரவு பதினொன்றே காலுக்கு, எங்கள் தாமான் முச்சந்தியில் பதினாலு வயது மதிக்கத்தக்க ஒருவன் பஸ் நிற்கும் இடத்தில் குந்தியிருந்தான். கையில் ஒரு கம்பு. ஊரடங்குக் கையேடு எழுதப் போகிறவனுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைப்பானா? மோட்டாரை நிறுத்தினேன்.

“டேய் தம்பி, வீட்டுக்குப் போகலையா?”

“போகணும் அங்கள்.”

“மணி என்ன தெரியுமா?”

“தெரியும் அங்கள். அம்மா பஸ் பதினொன்றரைக்குத்தான் வரும்.”

“கம்பு எதுக்கு?”

“நாய்க்கு. அந்தப் பக்கம் லைட்டு எரியல.”

பாக்டரி பஸ் வந்தது. நீலச் சட்டையில் ஐந்தாறு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் தூக்குச்சட்டிப் பையை அவனிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, “வரேங்கண்ணே” என்றார். இரண்டு பேரும் செம்பனை ஓரமாக இருட்டுக்குள் நடந்தார்கள். கொஞ்ச தூரம் வரை கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

இந்தப் பையன் எந்த விதிவிலக்கில் வருவான்? என் பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன், இடமில்லை.

ஆறாம் படி: பெற்றோருக்கு அபராதம் போடுங்கள்

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பிள்ளையைத் தக்க மேற்பார்வை இல்லாமல் விட்டுச்செல்லும் பெற்றோருக்கு 20,000 வெள்ளிவரை அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சிறார் சட்டத்தின் 33ஆவது பிரிவில் இப்போதே இடம் உண்டு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. முழு அபராதம் என்றால் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். அதைக் கட்ட அந்த அம்மா என்ன செய்வார்? ஓ.டி. செய்வார். இரவில் வீட்டில் இல்லாததற்கான அபராதத்தை, மேலும் பல இரவுகள் வீட்டில் இல்லாமல் இருந்து கட்டி முடிப்பார்.

ஏழாம் படி: வெளிநாட்டு உதாரணம் காட்டுங்கள்

உதாரணம் இல்லாமல் மேடை ஏறக் கூடாது. அமெரிக்காவைக் காட்டலாம்; அங்கே பல நகரங்களில் இந்தச் சட்டம் உண்டு. ஆனால் 2016இல் கேம்பெல் கூட்டமைப்பு வெளியிட்ட மீளாய்வைப் பற்றி வாய் திறக்காதீர்கள். 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும், இந்த ஊரடங்கால் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று அது சொல்லிவிட்டது. தென்கொரியாவும் வேண்டாம். 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவுக்கு மேல் இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். பத்தாண்டு பார்த்துவிட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

ஐஸ்லாந்தைத் தாராளமாகக் காட்டலாம். 12 வயதுவரை இரவு எட்டு மணி, 13 முதல் 16வரை பத்து மணி, கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். தலைநகர் ரெய்க்யவிக்கில் பிள்ளைகள் விளையாட்டு, இசை வகுப்புகளில் சேர நகர நிர்வாகமே பணம் தருகிறது என்பதைச் சொன்னால், கூட்டத்தில் யாராவது எழுந்து “நம்ம தோட்டத்துத் திடல் எங்கே போச்சு ஒய்.பி.?” என்று கேட்டுவிடக் கூடும்.

கேட்டால் பதில் கஷ்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பிறகு பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. சாயங்காலம் பந்து உருண்ட திடலும், வெள்ளிக்கிழமை பஜனை நடந்த கோவில் வாசலும் விற்ற நிலத்தோடு போயின. கையில் கிடைத்தது 650 சதுர அடி மலிவு வீடு, அதுவும் கிடைத்தவர்களுக்கு. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்களைக் கேளுங்கள், ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டு நடந்தார்கள் என்று சொல்வார்கள்.

இத்தனையும் செய்து பலிக்காவிட்டால்

மேலே சொன்ன ஏழு படிகளையும் கிழித்துப் போட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். பால்வெட்டுக் காலத்தில் ஊர் பத்து மணிக்கு அடங்கியது, ஏனென்றால் வேலை விடியற்காலையில் இருந்தது. இன்றைக்கு வேலை மூன்று ஷிப்டில் ஓடுகிறது. பாக்டரி தூங்குவதில்லை, லோரி தூங்குவதில்லை, மமாக் கடை தூங்குவதில்லை. பெரியவர்களின் ஊர் விடிய விடிய விழித்திருக்க, பதினாலு வயதுப் பையன் மட்டும் அடங்க வேண்டும் என்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் இரவில் ஒழுங்காக எரிபவை கம்போங் குவாந்தான் மின்மினிகள்தான். அந்த முச்சந்திக்கு அப்பால் இருக்கும் மூன்று தெருவிளக்குகளைப் பற்றிப் புகார் கொடுத்தோம். பெயர், ஐ.சி. எண், வீட்டு எண் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். இதை எழுதும் இன்று இரவுவரை ஒன்றும் எரியவில்லை.

ஒய்.பி., முதலில் அந்த மூன்று விளக்கையும் எரிய விடுங்கள். ஊரடங்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.