நாலு வரிதானே!

கவிதைப் பக்கம் புதிதாக எட்டிப்பார்ப்பவர்களைக் குறுங்கவிதையிடம்தான் முதலில் அனுப்புகிறார்கள். பக்கத்தில் மிச்சமிருக்கும் வெள்ளை இடமே பாதி தைரியம் கொடுத்துவிடும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் ஒன்றை முடித்துவிடலாம் பாருங்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் இந்தக் கணக்கில்தான் குறுந்தொகையைக் கையிலெடுத்தார். பாட்டுக்கு 4 முதல் 8 அடி, மொத்தம் நானூற்றுச் சொச்சம், ஒரு வாரம் போதும் என்றார். அகப்பட்டதோ உ.வே.சா. 1937-இல் கொண்டுவந்த பதிப்பு. பாட்டு மேலே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. கீழே பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று ஊர்வலமே வருகிறது. போதாக்குறைக்குத் தோழி பேசுவது தலைவியிடம், ஆனால் சொல்வது வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்து நிற்கும் தலைவனுக்காம். (இதில் மட்டும் அவருக்கு உரை தேவைப்படவில்லை. மாமியாரும் மருமகளும் உள்ள வீடு.) சும்மா சொல்லக்கூடாது, அந்த இடத்தில் மனிதர் நிஜமாகவே சொக்கிப்போனார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஹைக்கூ எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஜப்பானியக் கவிதையைப் பற்றிப் பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் எழுதி வைத்தார்; சுருக்கத்தை மெச்சித்தான் எழுதினார். விளைவை அவர் யோசித்திருக்க நியாயமில்லை. இப்போது முதல் இரண்டு வரி எப்படிப் போனாலும், மூன்றாவதில் ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்தால் கவிதை தயார்.

நம்மவர் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்கு ஒரு ஹைக்கூ. அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை தனி. பதவுரை மட்டும் கிடையாது. அதை வெளியீட்டு விழாவில் நேரிலேயே சொல்வதாக இருக்கிறார்.