சோபாவை நகர்த்திய கதை

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. தான் விற்ற காரில் ஆபத்தான கோளாறு இருப்பது கம்பெனிக்குத் தெரிந்துவிட்டால், ஐந்து வேலை நாட்களுக்குள் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லிவிட வேண்டும். கேட்க ரொம்பக் கறாராக இருக்கும். ஆனால் 'தெரிந்துவிட்டால்' என்ற சந்து எந்தக் குடும்பஸ்தனின் கண்ணிலும் உடனே பட்டுவிடும். தெரியாத வரைக்கும் நாள் கணக்கே தொடங்காது! கண்ணெதிரே ஆடிக்கொண்டிருப்பதைத் தெரியாமல் வைத்துக்கொள்வதில் எனக்கு நீண்ட அனுபவம். எங்கள் ஹால் சீலிங் ஃபேன் அப்படித்தான் ஆடுகிறது.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஆடியது சாவி. செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற சின்னக் கார்களில் இக்னிஷன் ஸ்விட்ச் கொஞ்சம் லூஸ். சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ சாவி தானே திரும்பிவிடும். ஓடுகிற வண்டியில் எஞ்சின் நின்றுபோகும். மோதினால் ஏர்பேக் விரியாது. விற்பனைக்கு வருமுன்பே, 2001இல், இந்த வம்பு தலைகாட்டியது. 2005இல் கூடிப் பேசினார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று கலைந்தார்கள். அந்த வருடக் கடைசியில் டீலர்களுக்கு ஒரு குறிப்பு போயிற்று: சாவிக்கொத்தில் உள்ள வேண்டாத கனத்தைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லவும்.

இதைப் படித்ததும் என் மேல் எனக்கே ஒரு மரியாதை பிறந்தது. ஃபேன் விஷயத்தில் நானும் இதையேதான் செய்தேன். ஃபேனைத் தொடவில்லை; சோபாவை இரண்டடி தள்ளிப் போட்டேன். மாமியார் வந்தால் உட்காருகிற நாற்காலியை மட்டும் ஏன் தள்ளவில்லை என்பது வேறு விவகாரம்.

2006இல் ஸ்விட்ச்சை ஓசைப்படாமல் மாற்றினார்கள். பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. எது பழசு, எது புதுசு என்று பின்னால் விசாரித்தவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். இந்த நுணுக்கம் எனக்குக் கைவராது. ஒரு பல்பு மாற்றினாலே அன்று ராத்திரி வரைக்கும் தம்பட்டம் அடிப்பவன் நான்.

கம்பெனியே அமர்த்திய வழக்கறிஞர் ஆண்டன் வலுகாஸ் 2014இல் கொடுத்த அறிக்கையில் இரண்டு சைகைகள் வருகின்றன. ஒன்று, கூட்டத்தில் எல்லாரும் 'ஆமாம், செய்துவிடலாம்' என்று தலையாட்டிவிட்டு, செய்யும் உத்தேசமே இல்லாமல் எழுந்து போவது. இன்னொன்று, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி, இரு பக்கமும் அடுத்தவரை நோக்கி விரலை நீட்டுவது. முதலாவதற்கு என் கழுத்து பல வருடங்களாகப் பழகியிருக்கிறது.

2008இல் ஊழியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் எழுதக் கூடாத சொற்களின் பட்டியலும் உண்டு. 'கோளாறு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. 'மரணப்பொறி', 'உருளும் சவப்பெட்டி' இரண்டும் கூடவே கூடாது. இதற்கு முன் யாரோ எழுதித் தொலைத்திருந்தால் அல்லவா இப்படித் தடுக்கத் தோன்றும்? "ஃபேன் வடிவமைத்தபடி செயல்படவில்லை" என்று நானும் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்களுந்தான்" என்றாள்.

கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் ரீகால் வந்தது 2014 பிப்ரவரியில். பிறகு எண்ணிக்கை ஏறி ஏறிச் சுமார் 26 லட்சம் கார்களில் நின்றது. ஸ்விட்ச்சை மாற்ற ஒரு காருக்கு ஆகும் செலவாக அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில் சொல்லப்பட்டது 57 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை. கம்பெனியின் இழப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. இந்த வரியில் எனக்கு விகடம் வரவில்லை. தாமதமாகச் சொன்னதற்குச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விதித்த அபராதம் மூன்றரைக் கோடி டாலர். அன்றைய சட்டப்படி அதற்கு மேல் விதிக்க அந்த அமைப்புக்கு அதிகாரமில்லை.

அந்த ஜனவரியில்தான் கம்பெனியின் தலைமைப் பொறுப்பேற்றிருந்த மேரி பாராவை காங்கிரஸ் குழுவினர் உட்காரவைத்துத் துளைத்தார்கள். யாருக்கு, எப்போதிலிருந்து தெரியும்? விசாரணை நடக்கிறது என்றார் அவர். எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை. "எப்போலேர்ந்து ஆடுது?" என்று மனைவி கேட்டபோது, "இப்பதான் நானும் பாக்கறேன்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் தரையைக் காட்டினாள். சோபாக் கால்கள் பழைய இடத்தில் பதித்திருந்த நான்கு வட்டங்களும் பளிச்சென்று தெரிந்தன. ஆவணச் சான்று என்பது இதுதான்.

நம் நாட்டிலும் இப்போது சட்டம் வந்துவிட்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தின்படி, 2021 ஏப்ரல் முதல் ரீகாலுக்கு அரசே உத்தரவிடலாம். அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. வண்டிக்கு ஏழு வயது தாண்டியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் ஃபேன் மாமனார் வீட்டுச் சீர். ஏழெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. இருந்தாலும் போய்க் கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு மாப்பிள்ளையிடம்தான் என்று மாமியார் சொல்லிவிடுவார். அது அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கில்லை.