ரிவால்வர் அவளுக்கு, பீரோ சாவி எனக்கு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்துக் கணவர்மார்களே! கல்யாண நாள் நெருங்குகிறது. போன வருஷம் பாண்டி பஜாரில் பட்டு எடுத்தாயிற்று, அதற்கு முந்தைய வருஷம் வைர மூக்குத்தி ஆயிற்று. இந்த வருஷம் மனைவியின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், உங்களுக்காகவே அரசாங்கம் ஒரு சாமான் செய்து வைத்திருக்கிறது.

பெயர் ‘நிர்பீக்’. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரிவால்வர். பெண்களுக்கென்றே செய்தது. எடை அரைக் கிலோ, கைப்பையில் அடங்கும். .32 போர், ஆறு தோட்டா, டைட்டானியம் கலந்த உலோகம். அப்போதைய விலை 1,22,360 ரூபாய், அன்றைய தங்க விலைக்கு ஐந்து சவரனுக்கு மேல். சவரனில் சொன்னால்தானே நமக்குப் புரியும்? தொழிற்சாலைக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அதை மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இனி மாப்பிள்ளை வீட்டார் நூறு சவரன், ஒரு கார், ஒரு ரிவால்வர் என்று பட்டியல் போட வேண்டியதுதான் பாக்கி.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012 டிசம்பர் 16 அன்று இரவு, டெல்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட ஒரு மாணவிக்குப் பத்திரிகைகள் ‘நிர்பயா’ என்று பெயர் வைத்தன. அந்தப் பெயரின் சாயலில்தான் இந்தச் சரக்குக்குப் பெயர். ஒரு பெண்ணைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து ஒன்றை விட வக்கில்லாத அரசாங்கம், அவள் செத்த பதின்மூன்றாவது மாதத்தில் அவள் நினைவாக ஒரு துப்பாக்கியைச் செய்து விலைப்பட்டியலும் ஒட்டியது. கண்ணகி நகரிலிருந்து விடியற்காலையில் பேருந்து பிடித்து வந்து அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம் இந்த விலையைச் சொல்லிப் பாருங்கள். அரசாங்கம் யாரைக் காப்பாற்றக் கிளம்பியது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

சரி, காசு உங்களிடம் இருக்கிறது. வாங்கிவிடலாமா? பட்டுப்புடவை மாதிரி ரகசியமாக வாங்கி வந்து திடீரென்று நீட்ட முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மனைவியின் பெயரிலேயே லைசென்ஸ் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். வேப்பேரியில் இருக்கும் கமிஷனர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும், பிறகு போலீஸ் விசாரணை வரும். அந்த விசாரணையில் ஒரு கேள்விதான் முக்கியம்: “உங்க உயிருக்கு யாரால ஆபத்து?”

இங்கேதான் கொஞ்சம் சங்கடம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன் கணக்கில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 38 பேர் கணவரின் கையால் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுக்கப் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். ஆகவே அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை எழுத வேண்டுமென்றால் நிறைய மனைவிமார்கள், மனுப் போடப் பக்கத்தில் துணைக்கு வந்து உட்கார்ந்திருப்பவரின் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும். பாவம், பேனாவையும் அவரே கொடுத்திருப்பார்.

வெளியே ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2025 மார்ச் 25 காலையில், நடைப்பயிற்சி போகும் நேரத்தில், தென்சென்னையில் அடுத்தடுத்துச் சங்கிலி பறித்தார்கள். பைக்கில் வந்தவன் கழுத்தில் கை வைத்துத் தெரு முனை திரும்பும் நேரத்துக்குள் உங்கள் மனைவி கைப்பை ஜிப்பைத் திறந்து, சாவிக்கொத்தையும் குடையையும் தள்ளிவிட்டு, ரிவால்வரைத் தேடி எடுத்து, குறி பார்க்க வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் அவருக்குப் பின்னால் நடந்து வரும் மாமாக்களின் ஆயுள் கெட்டி என்று நம்புவோம். போதாக்குறைக்கு, தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாக்கு எண்ணி முடியும்வரை பெண்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளில் பொறுக்கிகளுக்கும் ஒரு பிரிவு சேர்த்தால் நல்லது.

வெளியே இருக்கும் ஆபத்து சங்கிலியோடு நிற்பதுமில்லை. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றிருந்த மென்பொருள் பொறியாளரான ஒரு பெண்ணை ஒருவன் வெட்டிக் கொன்றான். நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். கேமரா இல்லை. நகரத்தின் நடுவில், ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் நிலையத்தில் ஒரு கேமரா வைக்கத் துப்பில்லை. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2013 பட்ஜெட்டில், பெண்கள் பாதுகாப்புக்கென்று 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்திருந்தார் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம். நிதி டெல்லியில் பத்திரமாக இருந்தது. பெண்தான் நுங்கம்பாக்கத்தில் பத்திரமாக இல்லை. அன்றைக்கு நாம் என்ன செய்தோம்? அந்தப் பெண் யாருடன் பழகினாள், என்ன சாதி, என்ன மதம் என்று தோண்டினோம். கொலைகாரன் ஒரு முறை கொன்றான். ஊர் ஒரு மாதம் கொன்றது.

இவ்வளவுக்கும் பிறகு துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

“ஏங்க, இதை எங்க வெக்கறது?”

“பீரோ லாக்கர்ல.”

“லாக்கர் சாவி?”

“எங்கிட்டதான் இருக்கு. வேணும்னா கேளு, எடுத்துத் தரேன்.”

ஆபத்து வரும்போது அவர் உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். ஆபத்தே நீங்கள்தான் என்றாலும் உங்களிடம்தான் சாவி கேட்க வேண்டும். அவர் சம்பளம் விழும் கணக்கின் ஏடிஎம் கார்டு உங்கள் பர்ஸில். போன் பாஸ்வேர்டு உங்களுக்கு மனப்பாடம். அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்க உங்கள் அனுமதி வேண்டும். இத்தனையும் பூட்டிவைத்த கை, ஒரு துப்பாக்கியை நீட்டி, “நீ தைரியமா இருக்கணும்” என்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயதான மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது என்கிறது. வெள்ளைக்காரன் 1860இல் எழுதி வைத்த விலக்கு அது. சட்டத்துக்கு இந்திப் பெயர் வைக்க அவசரம் காட்டியவர்கள், அந்த ஒரு வரியை மட்டும் பூப்போலத் தூக்கிப் புதுச் சட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992இலேயே ஆயிரம் விளக்கில் வந்துவிட்டது என்ற பெருமையும் இருக்கிறது. வீங்கிய கன்னத்தோடு படியேறும் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது மட்டும் இன்றும் எஃப்ஐஆர் அல்ல, கவுன்சலிங்தான். “குழந்தைங்க முகத்தப் பாரும்மா.”

காவல் நிலையம் சொல்வதற்கு முன்பே அதைப் பிறந்த வீடு சொல்லிவிடுகிறது. “ஆம்பள அப்படித்தான் இருப்பான், அனுசரிச்சுப் போ.” கபாலி கோயில் மாடவீதியிலும் அதே வசனம், கஸ்தூர்பா நகர் அடுக்குமாடியிலும் அதே வசனம். மகளுக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து, பெப்பர் ஸ்பிரே வாங்கிக் கொடுத்து, அடித்தால் திருப்பி அடி என்று வளர்த்த அப்பாவேதான், அடிப்பவன் மாப்பிள்ளை என்று தெரிந்ததும் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறார்.

மகளிடம் “பொட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பி வா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்ல லைசென்ஸ் வேண்டாம். மனைவியின் ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கமிஷனர் கையெழுத்து வேண்டாம். ஓங்கிய கையை இறக்க எந்த ஆயுதச் சட்டமும் தடையில்லை. இது எதற்கும் முதுகெலும்பு இல்லாத கோழைகள்தான், மனைவியின் கைக்கு எந்த அளவு துப்பாக்கி பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.