ஒரே ஒரு பார்ட்டுதான் பாக்கி

எப்போது போன் போட்டாலும் அவரிடம் ஒரே ஒரு பார்ட்டுதான் பாக்கி இருக்கும். இரண்டு பாக்கி இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. "எல்லாம் முடிஞ்சிட்டு. ஒரே ஒரு பார்ட்டு. அது மட்டும் வந்துட்டுன்னா மறுநாளே மாட்டி, ஓட்டிப் பாத்து, லாரியில ஏத்திருவேன்" என்பார். குரலில் அப்படி ஒரு நிறைவு. ஒரு மனிதர் இவ்வளவு தூரம் முடித்துவிட்டாரே, நாம்தான் பறக்கிறோமோ என்று கேட்கிற நமக்கே கூச்சமாகிவிடும். பறக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை என்பது போனை வைத்தபிறகுதான் ஞாபகம் வரும்.

அமெரிக்காவில் சின்ன விமானம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இவரைத் தெரியும். ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆள் இவரேதான். சோளக்காட்டுக்கு நடுவே ஒற்றை ரன்வே, அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் இவர். பிஸ்டன் இன்ஜின் ஓவர்ஹால் இவர் தொழில். நாங்கள் மூன்று தமிழர்கள் பங்கு போட்டு வைத்திருக்கும் 1974-ம் வருடத்துச் செஸ்னா 172-ன் இன்ஜினை இறக்கி இவரிடம்தான் அனுப்பினோம். எங்களுக்குள் இவருக்கு அண்ணாச்சி என்று பெயர். அவர் இங்கிலீஷில் சொல்வதெல்லாம் என் காதில் நெல்லைத் தமிழாகத்தான் விழும். மளிகைக்கடை அண்ணாச்சிகள் மன்னிக்க வேண்டும். அவர்கள் கேட்ட சாமானைக் கேட்ட நேரத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர்கள்.

முதலில் பாக்கி இருந்தது கேம் ஷாஃப்ட். அதில் நியாயம் இருந்தது. எங்களுடையது லைக்கமிங் ஓ-320. இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட், கிராங்க்குக்கு மேலே இருக்கிறது. கீழே சுழல்கிற கிராங்க்கிலிருந்து தெறிக்கிற ஆயிலில்தான் அது நனைய வேண்டும். விமானம் வாரக்கணக்கில் சும்மா நின்றால் ஆயில் வடிந்துபோகும், துரு ஏறும், பிறகு உலோகம் செதில் செதிலாக உரியும். எங்களுடையது உரிந்திருந்தது. சரி, மாற்றுங்கள் என்றோம். கேம் வந்தது. சந்தோஷமாகப் போன் போட்டால், டேப்பெட் ஒன்றுதான் பாக்கி. "புதுக் கேமுக்குப் பழைய டேப்பெட்டப் போட்டா ஒரு வருஷத்துல ரெண்டும் போயிரும், பாத்துக்கிடுங்க." பார்த்துக்கொண்டோம். டேப்பெட் வந்தது. சிலிண்டர் மட்டும்தான் பாக்கி. சிலிண்டர் என்றால் நான்கு ஆயிற்றே, அது எப்படி ஒரே ஒரு பார்ட்டு என்று எங்கள் பங்காளிகளில் கணக்கு நன்றாக வருகிற ஒருவர் கேட்டார். "செட்டாத்தான வரும்" என்றார் அண்ணாச்சி. சிலிண்டர் வந்தது. கிராங்க்கேஸ் மட்டும் பாக்கி. விரிசல் பார்க்கப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. கிராங்க்கேஸ் திரும்பி வந்தது. மேக்னெட்டோ மட்டும்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி டெய்லர் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். "காஜா மட்டும்தான் பாக்கி தம்பி." ஆனால் டெய்லருக்குத் தீபாவளி என்று ஒரு கெடு உண்டு. அண்ணாச்சியின் பஞ்சாங்கத்தில் பண்டிகையே இல்லை.

கடைசியில் ஒரு நாள் உண்மையாகவே ஒரே ஒரு பார்ட்டுதான் பாக்கி இருந்தது. கிராங்க் ஷாஃப்டின் முன்பக்கம் மாட்டுகிற ஆயில் சீல். ஒரு ரப்பர் வளையம். ஹேங்கருக்கு நாங்கள் ஒரு மாதம் கட்டுகிற வாடகையில் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம். "அதை நானே வாங்கி அனுப்பட்டுமா?" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மனம் புண்பட்ட குரலில், "நீங்க வாங்கி அனுப்பறத நான் எப்படிப் போடுவேன்? கையெழுத்துப் போடறது நானுல்லா?" என்றார்.

அவர் பொய் சொல்லுகிறார் என்று மட்டும் நினைக்கக்கூடாது. அங்கேதான் இருக்கிறது அவருடைய சாமர்த்தியம். சொன்ன ஒவ்வொரு பார்ட்டும் சொன்ன அன்று நிஜமாகவே வரவில்லை. அடுத்த பார்ட்டும் வரவில்லை என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லமாட்டார். கேட்கவில்லையே!

ஓவர்ஹால் பட்டறை என்றால் எல்லா வேலையும் அங்கேயே நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அண்ணாச்சி பிரிப்பார், கழுவுவார், பெட்டியில் போட்டு அனுப்புவார். கிராங்க்கேஸ் ஓரிடம் போகும். அங்கே வெல்டிங், கடைசல். கிராங்க் ஷாஃப்ட் இன்னோரிடம் போகும். அதைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் கலந்த திரவம் ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேக்னெட்டோ ஒரு மாநிலம், கார்ப்பரேட்டர் ஒரு மாநிலம். ஒவ்வொன்றும் 'நல்லது' என்று மஞ்சள் சீட்டுக் கட்டிக்கொண்டு திரும்பி வரவேண்டும். எங்கள் இன்ஜின் எங்களை ஏற்றிக்கொண்டு பார்த்த ஊர்களைவிடத் துண்டு துண்டாகத் தனியே போய்ப் பார்த்த ஊர்கள் அதிகம். எல்லாம் திரும்பியபிறகு அண்ணாச்சி கோர்ப்பார். கோர்ப்பதற்குச் சில நாட்கள் போதும் என்று அவரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்க விமானச் சட்டத்தில் ஓவர்ஹால் என்றால் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: பிரிக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும், தேவையானதைப் பழுது பார்க்க வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும், பூட்டியதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எத்தனை நாளில் என்று மட்டும் எழுதவில்லை. சட்டத்தை அண்ணாச்சி அளவுக்கு ஊன்றிப் படித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

சில நாள் எனக்கும் கோபம் வரும். "எப்பதான் தருவீங்க? ஒரு தேதி சொல்லுங்க" என்று குரல் உயரும். அதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறார். "தம்பி, இது காரு இல்ல. மேல போனபெறகு ஓரமா நிறுத்த முடியாது. உங்களுக்குச் சீக்கிரம் வேணுமா, பத்திரமா வேணுமா?" இதற்கு என்ன பதில் சொல்வது? பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும்போது 'சீக்கிரம்' என்று சொல்ல எந்த ஆம்பிளைக்குத் துணிச்சல் உண்டு? "அவசரமே இல்லன்னு சொல்லுங்க" என்பாள் அவள். அண்ணாச்சி அத்தோடு அடுத்த மாதத்துக்குத் தப்பித்துவிடுவார்.

மற்ற குணங்களை எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். அட்வான்ஸ் கை மாறும்வரை முதல் மணியிலேயே போனை எடுப்பவர், அதற்குப்பின் மெசேஜ் விடச் சொல்லும் இயந்திரமாகிவிடுவார். போட்டோ கேட்டால் அனுப்புவார். 'உங்கள் இன்ஜின், கிட்டத்தட்ட ரெடி' என்று ஒருமுறை வந்த படத்தில் ஆறு சிலிண்டர் இருந்தது. சொன்னேனே, எங்களுடையது நான்கு.

ஒருமுறை நேரிலேயே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். கொட்டகைக்குள் எங்கள் பழைய கேம் ஷாஃப்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் அந்தச் செதிலைத் தடவிக் காட்டினார். மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து என்னையே அளக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் தேயலாம் என்று புத்தகம் அனுமதிக்கிற பாகங்களைக்கூட அவர் திரும்பப் போடுவதில்லை. புது இன்ஜினுக்கு உள்ள அளவில் இருந்தால்தான் போடுவார். "புஸ்தகம் ஒத்துக்கிடும். நான் ஒத்துக்கிட மாட்டேன்" என்றார். அரை மணி நேரம் தேதியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. விரல் இடுக்கில் கறுப்பு ஏறிப்போன அந்தக் கையைப் பார்த்தபோது மரியாதைதான் வந்தது.

வரலாறும் சொன்னார். ரைட் சகோதரர்களின் முதல் இன்ஜினை டேட்டனில் அவர்கள் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் ஆறே வாரத்தில் செய்தார். நான்கு சிலிண்டர், 12 குதிரைச்சக்தி, அலுமினியக் கிராங்க்கேஸ். ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும்தான் கருவிகள். 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது பேரிங் இறுகிக் கிராங்க்கேஸ் உடைந்துவிட்டது. திரும்ப வார்த்து வர ஏப்ரல் ஆயிற்று. "பாத்தீங்களா, அவுகளே ஒரு பார்ட்டுக்காகக் காத்துக்கெடந்தாக" என்றார் அண்ணாச்சி, சொந்தக்காரர் வீட்டுக் கதை சொல்வதுபோல. அவர்கள் அந்த டிசம்பரிலேயே பறந்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

பெரிய கம்பெனிக்காரர்கள் கதையும் கைவசம் உண்டு. ஏர்பஸ் ஏ320நியோ விமானங்களின் பிராட் அண்ட் விட்னி இன்ஜினில் உலோகத்தூள் கோளாறு கண்டுபிடித்தார்களே, 2023-ல். அப்போது ஓர் இன்ஜினை இறக்கி ஏற்ற 250 முதல் 300 நாள் ஆகும் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. இந்தியாவில் இண்டிகோவின் விமானங்கள் வரிசையாக நின்றன. "அவுக நிக்கல்லியா?" என்கிறார். நின்றார்கள். ஆனால் 300 நாள் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். எங்களிடம் சொன்னது ஆறு வாரம்.

இந்த ஆறு வாரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின். 2000 மணி நேரம் அல்லது 12 வருடம் ஆனால் ஓவர்ஹால் செய்யுங்கள் என்று லைக்கமிங் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுகிற எங்களைச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. கேம் அப்படி இருந்ததால் என்றைக்கானாலும் இறக்கத்தான் வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "ஸ்லாட் காலியா இருக்கு, இந்த வாரமே அனுப்பிருங்க, ஆறு வாரத்துல தந்துருதேன்" என்றவர் அவர். அனுப்பினோம். வந்து இறங்கிய பலகையிலேயே பிரிக்காமல் வாரக்கணக்கில் கிடந்தது. டேப்பெட்டுக்கும் சிலிண்டருக்கும் தட்டுப்பாடு என்பது அன்றைக்கே அவருக்குத் தெரியும். தினமும் அந்த வேலையைத்தானே செய்கிறார்! ஆறு மாதம் என்று சொன்னால் வாடிக்கை அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். அடுத்த கொட்டகைக்காரரும் ஆறு வாரம் என்பார். அதனால் இவரும் ஆறு வாரம் என்றார். கைத்திறமையில் புஸ்தகத்தை மிஞ்சுகிற மனிதர் வாய் வார்த்தையில் இப்படி ஏன் இருக்க வேண்டும்?

இதற்குள் எங்கள் பக்கம் எல்லாக் காலண்டரும் ஓடியது. ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ் எதுவும் நிற்கவில்லை. 12 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வருடாந்தரச் சோதனை, விமானம் பறக்காமலே காலாவதியானது. 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிராத விமானி ஆளை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. ஆக, மூன்று பங்காளிகளுக்கும் அதுவும் போயிற்று. இன்ஜின் 100 கிலோவுக்கு மேல். முன்னால் அந்தக் கனம் இல்லாவிட்டால் செஸ்னா மூக்கைத் தூக்கி வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். அதற்காக வாலுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். அந்த முட்டையும் வாடகைக்குத்தான் எடுத்தோம்.

இன்ஜின் வந்துவிட்டது. ஏற்றியாயிற்று. ரிங் படியும்வரை அதிகச் சக்தியில் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் ஏர்போர்ட்டுக்கு மேலேயே சுற்றினேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஆயில் அளவு குறையவில்லை, நான்கு சிலிண்டரும் ஒரே சூடு, சத்தத்தில் பிசிறில்லை. அடுத்த ஓவர்ஹாலுக்கும் அண்ணாச்சியிடமே போகலாம் என்கிறார்கள் பங்காளிகள். போகலாம்தான்.

உங்களில் யாராவது சின்ன விமானம் வாங்குவதாக இருந்தால், இன்ஜின் இறக்கும் நாள் வரும்போது ஒன்று செய்யுங்கள். பார்ட்டு ஒவ்வொன்றையும் முதலில் ஆர்டர் போடச் சொல்லுங்கள். அவை எல்லாம் அண்ணாச்சியின் அலமாரியில் வந்து உட்கார்ந்தபிறகு இன்ஜினை அனுப்புங்கள். அதுவரை அது விமானத்திலேயே இருந்து ஓடட்டும். அவர் மனம் வருந்துவார், பரவாயில்லை. தேதியை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.