குளவிக்குப் பெயர் வைப்பது எப்படி?

முதலில் ஒரு குளவி வேண்டும். கையில் வேண்டாம், கண்ணெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். கூட்டமாக இருந்தால் இந்த வழிகாட்டியை மடித்து வைத்துவிட்டு ஓடவும். கதண்டுக் கூட்டைக் கவனிப்பது தீயணைப்புத் துறையின் வேலை. நமக்கு வேண்டியது தனியாக வந்து, தனியாக வீடு கட்டி, பிள்ளைக்கு வேண்டியதை உள்ளே வைத்துப் பூசிவிட்டு, பிள்ளை முகம் பார்க்காமலே போய்விடும் ஒற்றைக் குளவி.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களைக் கேட்கவும். எங்கள் அப்பத்தா குளவியை இரண்டே இனமாகப் பிரித்து வைத்திருந்தாள். மண்ணால் கூடு கட்டினால் வீட்டில் ஆண் பிள்ளை, அரக்கால் கட்டினால் பெண் பிள்ளை. இதைச் சொல்லும்போது அவள் பார்வை கூட்டின் மேல் இருக்காது, புது மருமகளின் வயிற்றின் மேல் இருக்கும். பல வருடம் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பிசினும் அரக்குமாகக் கூடு கட்டுவது பெரும்பாலும் குளவியே இல்லை, தனித்து வாழும் ஒருவகைத் தேனீ. பூதக்கண்ணாடி இல்லாமலே கிழவி இரண்டையும் பிரித்திருக்கிறாள். பிள்ளை விஷயத்தில்தான் அவளுக்குப் பாதிக்குப் பாதி தேறியது.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஆசையா? தாராளமாக. மஞ்சள், கறுப்பு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குளவிகளுக்கு அது பொருந்தும். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மிரட்டித் திரியும் ஈக்களுக்கும் பொருந்தும். ஈக்கு இறக்கை இரண்டு, குளவிக்கு நான்கு. நின்றால்தானே எண்ணுவது? நான் செல்போனில் 17 படம் எடுத்தேன். 16-ல் சுவர், ஒன்றில் என் கட்டைவிரல். உட்காரும்போது இறக்கையை அங்கவஸ்திரம் போல நீளவாக்கில் மடித்துக்கொண்டால், குட்டிப் பானை மாதிரி கூடு செய்யும் குயவக் குளவியின் குடும்பம் என்று ஓரளவு சொல்லலாம். மெத்தென்ற சிவப்பு முடியோடு தரையில் ஓடுவதை எறும்பு என்று எழுதியிருந்தால் அடித்துவிடவும். அது இறக்கை இல்லாத பெண் குளவி. கொட்டினால் எறும்பில்லை என்று உடனே புரியும்.

ஆணா பெண்ணா என்று அறிய உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். பெரும்பாலும் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. கொடுக்கு பெண்ணுக்கு மட்டும்தான். பூச்சியை விரலிடுக்கில் பிடித்து நிதானமாக எண்ணவும். 12-ல் முடிந்தால், எண்ணியது சரிதான் என்று அதுவே சொல்லிவிடும்.

இதெல்லாம் சரிப்படாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. குளவியை விட்டுவிட்டு அதன் கறிகாய்ப் பையைப் பாருங்கள். பச்சைப் புழு என்றால் பெரும்பாலும் குயவக் குளவி. தன்னைவிடப் பெரிய ஒற்றைச் சிலந்தியைத் தரையோடு பின்பக்கமாக இழுத்துப் போனால் சிலந்திவேட்டைக் குளவி. மரகதப் பச்சையில் மின்னும் ஒன்று கரப்பானோடு வந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். முதல் கொட்டு நெஞ்சில், முன்னங்கால் துவளும். இரண்டாவது கொட்டு தலைக்குள், மூளை பார்த்து. கரப்பான் சாவதில்லை, ஓட வேண்டும் என்ற நினைப்புதான் போய்விடுகிறது. பிறகு அதன் மீசையைப் பாதியாகக் கடித்துவிட்டு, மிச்சத்தை மூக்கணாங்கயிறு போலப் பிடித்துக் குழிக்குக் கூட்டிப் போகும். இழுப்பதில்லை, கரப்பான் தானே நடக்கிறது.

என் ஆராய்ச்சி சமையலறை பிளக் பாயிண்ட்டில் நடந்தது. மூன்று ஓட்டையையும் மண் அடைத்திருந்தது. மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். ஓர் அறைக்குள் 11 சிலந்திகள், ஊறுகாய் ஜாடியில் அடைத்த மாதிரி. செத்தவை அல்ல, ஊதினால் கால் லேசாகத் துடித்தது. உயிர் இருந்தால்தான் அழுகாது. ஒன்றின் வயிற்றில் அரிசி நொய் போல வெள்ளையாக முட்டை.

உள்ளே வைப்பது ஒன்று, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது குளவி. இதைப் பார்த்துத்தான், கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்குகிறது என்று நம் ஆட்கள் முடிவு கட்டினார்கள். குரு சீடனை ஆட்கொள்வதற்கு அதையே உவமையாக்கிவிட்டார்கள். உள்ளே சீடன் என்ன ஆனான் என்று நெம்பிப் பார்த்திருந்தால் மடத்துக்கு ஆள் சேர்ந்திருக்காது.

கடைசியாகப் பெயர். நூல் மாதிரி இடுப்பு, மண் கூடு, சிலந்தி: இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்கெலிஃப்ரான். அதில் ஓர் இனத்துக்கு டென்மார்க்கின் ஃபேப்ரிசியஸ் 1781-ல் நம் மதராஸ்பட்டணத்தின் பெயரையே வைத்தார்: மதராஸ்படானம். எங்கள் வீட்டுக்கு வருவது அவள்தான் என்று தீர்மானித்துவிட்டேன். நிபுணர்கள் யாரும் மறுக்கவில்லை; யாரையும் நான் கேட்கவில்லை.

மறுநாளே அதே ஓட்டைக்கு ஈர மண்ணோடு வந்துவிட்டாள். மனைவி அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டே சொன்னாள்: "பேருதான் தெரிஞ்சிருச்சுல்ல? கூப்பிட்டு, வேற வீடு பாக்கச் சொல்லுங்க."