படியாமல் படித்தல்: சீன மாணவரின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி குறித்து ஓர் ஆராய்ச்சியுரை

பாயிரம்

பாயிரம் இல்லாமல் ஆராய்ச்சியைத் தொடங்கினால் படித்தவர்கள் மதிக்க மாட்டார்கள். எனவே முதலில் பாயிரம்.

மனிதர்கள் வாசிப்பதற்குக் காரணங்கள் பல. சிலர் அறிவுக்காக வாசிக்கிறார்கள். சிலர் பொழுதுபோக்க. சிலர், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று. இவற்றுள் எதிலும் அடங்காத ஒரு வாசிப்பு சீனப் பல்கலைக்கழகங்களில் நடந்துவருகிறது. ஏ, பி, சி, டி என்னும் நான்கு எழுத்துகளில் எது என்று கண்டுபிடிப்பதே அதன் பயன். எழுத்து கிடைத்ததும் வாசிப்பு முடிந்துவிடும். இதைத் தமிழில் எவரும் ஆராயாத குறையைப் போக்க இக்கட்டுரையாளர் முன்வந்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், கல்லூரி ஆங்கிலத் தேர்வு. இதன் நான்காம் நிலை 1987-இலும் ஆறாம் நிலை 1989-இலும் தொடங்கின. ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். உச்ச மதிப்பெண் 710. ‘அது என்ன பத்து உபரி?’ என்று கேட்பது இயல்பு. 500-ஐ நடுவில் வைத்து, 70 எனும் அளவால் மூன்று படி மேலே ஏறினால் 710 வரும். தேர்ச்சிக் கோடு என்று அதிகாரபூர்வமாக ஒன்றும் கிடையாது. ஆனால் 425 பெற்றால்தான் ஆறாம் நிலை எழுதலாம். ஆகவே, இல்லாத அந்தக் கோடு 425-இல் இருப்பது மாணவர் அனைவருக்கும் தெரியும்.

சொல்லாராய்ச்சி

ஒரு துறையின் ஆழம் அதன் கலைச்சொற்களில் தெரியும். தேர்வை மாணவர்கள் ‘ஸி ஜி’ என்பார்கள். ‘நான்காம் படி’ என்று பொருள். பயிற்சித் தாள்களை வரிசையாகப் போட்டுத் தள்ளுவதற்கு ‘ஷுவா தீ’ என்று பெயர். ‘ஷுவா’ என்றால் தேய்த்துத் துலக்குவது. பல் துலக்குவதற்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கும் அதே வினைதான். பல் துலக்குகிறவன் பல்லைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. வினாத்தாளுக்கும் அதே விதி.

படிக்காமல் தேர்வுக்குப் போவது ‘லுவோ காவ்’, அதாவது அம்மணத் தேர்வு. தோற்றால் ‘குவா கே’: பாடம் தொங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விடை குறிப்பது ‘மெங்’. துலக்கல், அம்மணம், தொங்கல், குருட்டடி என்று ஒரு துறையின் கலைச்சொற்கள் இவ்வளவு கிடைத்தும் ‘வாசித்தல்’ என்ற சொல் அவற்றுள் இல்லை என்பதை அறிஞர்கள் கவனிக்க.

திணை வகுத்தல்

முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தால்தான் எந்த வாழ்க்கையும் நமக்குப் பிடிபடும். இதையும் அப்படியே பகுக்கலாம்.

நிலம்: நூலகமும் நூலகம் சார்ந்த இடமும். பெரும்பொழுது: ஜூனுக்கும் டிசம்பருக்கும் முந்திய மூன்று வாரம். சிறுபொழுது இரண்டு. ஒன்று விடியல், அப்போது மாணவர்கள் குளக்கரையிலும் மரத்தடியிலும் நின்று ஆங்கிலத்தை உரக்கக் கத்துவார்கள். தேர்விலோ வாய் திறக்காமல்தான் வாசிக்க வேண்டும். மற்றொன்று நள்ளிரவு; பல விடுதிகளில் பதினொரு மணிவாக்கில் விளக்கு அணைந்துவிடும், பிறகு தாழ்வாரத்து வெளிச்சத்தில் முக்காலி போட்டு வாசிப்பு தொடரும்.

தெய்வம்: சிவப்புக் கெண்டை மீன். இதன் படத்தைச் சமூக ஊடகத்தில் மறுபகிர்வு செய்தால் அருள் கிட்டும். நோன்பும் வேண்டாம், படையலும் வேண்டாம். விரல் ஒன்று போதும்.

கருப்பொருள்களுள் முதன்மையானது சொற்புத்தகம். நான்காம் நிலைக்கு ஏறத்தாழ 4,500 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அகர வரிசையில் அச்சிட்ட பல புத்தகங்களில் மாணவர் முதலில் சந்திக்கும் சொல் ‘அபாண்டன்’. பொருள்: கைவிடு. மாணவர் அந்தச் சொல்லைக் கற்கிறார். உடனே அதன்படி ஒழுகுகிறார். அடுத்த பருவம் மனம் திருந்தி மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். இப்படி நான்கு ஆண்டுகளில் அந்த ஒரே சொல்லை எட்டு முறை கற்றுத் தேர்ந்தவர்கள் உண்டு. கற்றபின் நிற்க அதற்குத் தக என்ற அறத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களை வேறெங்கும் காண்பது அரிது.

சொற்புத்தகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. காலையில் நூலகம் திறந்ததும் ஒரு மேசையில் அதை வைத்து, அருகில் வெந்நீர்க் குடுவையையும் நிறுத்திவிட்டால் அந்த இடம் நமக்கு. இதற்கு ‘ஜான் ஸுவோ’, இருக்கை பிடித்தல் என்று பெயர். உரியவர் சாப்பிட்டு, உறங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேரும்வரை புத்தகம் அங்கே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்.

உரிப்பொருள்: நாளையும் நாளை நிமித்தமும்.

நூற்பாக்கள்

இத்துறையின் விதிகள் பயிற்சி வகுப்புகளிலும் விடுதி அறைகளிலும் வாய்வழியாக வழங்குகின்றன. அவற்றைத் தொகுத்து நூற்பாவாக்கி உரையும் வரைந்துள்ளோம்.

ஒன்று: வினா முன், பத்தி பின்.
உரை: பத்தியை முதலில் வாசிப்பது பாமரர் வழக்கம். வல்லவர் வினாவை வாசித்து, அதிலுள்ள பெயர், எண், பெரிய எழுத்து இவற்றை மனத்தில் இருத்தி, பின் பத்தியில் அவற்றைத் தேடுவார். காணாமற்போன ஆட்டைத் தேடுபவர் வழியிலுள்ள மரங்களின் அழகை ரசிப்பதில்லை.

இரண்டு: ‘ஆனால்’ என்பதன் பின்னே அமையும் விடை.
உரை: பத்தியில் ‘ஆனால்’ வரும்வரை எழுத்தாளர் சொல்வதெல்லாம் உபசாரம். கருத்து அதற்குப் பின்புதான் வரும். கடன் கேட்கப் போனவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்.

மூன்று: ‘எல்லாம்’, ‘ஒருபோதும்’ எனின் விலக்குக.
உரை: அறுதியிட்டுச் சொல்லும் விடை பெரும்பாலும் தவறு. இந்நூற்பாவே ‘பெரும்பாலும்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதைக் காண்க.

நான்கு: சொல் ஒத்தால் ஐயுறுக; பொருள் ஒத்தால் கொள்ளுக.
உரை: பத்தியில் உள்ள சொல்லையே அச்சாகக் கொண்ட விடை, பொறியில் வைத்த கருவாடு. சரியான விடை வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்.

ஐந்து: யாதும் அறியாதார் நீளம் நோக்குக.
உரை: நான்கு விடைகளில் மூன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டை, மூன்று குட்டையும் ஒன்று நீளமுமானால் நீளம். எல்லாம் தாறுமாறாக இருந்தால் சி என்றும் பி என்றும் இரு மடத்தார் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலமே தெரியாதவரும், ஒரு அளவுகோல் இருந்தால், இந்நூற்பாவைக் கையாளலாம் என்பது இதன் சிறப்பு.

கணிதம்

வாசிப்புப் பகுதிக்கு நாற்பது நிமிடம். மொத்த மதிப்பெண்ணில் 35 விழுக்காடு. அதில் மூன்று உறுப்புகள். முதல் உறுப்பில் பதினைந்து சொற்களைக் கொடுத்துப் பத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வார்கள். இடம் ஒன்றுக்கு 3.55. இரண்டாவதில் நீண்ட பத்தி, பத்துக் கூற்றுகள் அதன் எந்தெந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்று பொருத்த வேண்டும், ஒன்றுக்கு 7.1. மூன்றாவதில் இரண்டு பத்திகள், பத்து நான்குவிடை வினாக்கள், ஒன்றுக்கு 14.2. இவை பங்குக் கணக்கு. பின்னர் ஒப்பீட்டு முறையில் அளவு மாறும்.

இங்கேதான் இந்த ஆராய்ச்சியின் தலையாய கண்டுபிடிப்பு. முதல் உறுப்பை ஒருவர் வியர்வை சிந்தி, பெயர்ச்சொல் வேறு வினைச்சொல் வேறு என்று பிரித்து, பத்தும் சரியாக எழுதினால் கிடைப்பது 35.5. மூன்றாம் உறுப்பின் பத்து வினாக்களுக்கும் ஒருவர் தாளையே பார்க்காமல் குருட்டடி அடித்தால், நான்கில் ஒன்று பலிக்கும் என்ற சராசரிக் கணக்கில், இரண்டரை வினா, இரண்டரையைப் 14.2-ஆல் பெருக்கினால் 35.5. முழுப் புலமையும் முழு அறியாமையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கின்றன. வேதாந்திகள் காடு மேடெல்லாம் அலைந்து கண்ட நிலையை இத்தேர்வு 2பி பென்சிலால் எட்டியிருக்கிறது. முதல் உறுப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

பென்சில் பற்றியும் ஒரு சொல். தேர்வுக்கென்றே ஒரு வகை விற்கிறார்கள். அதன் முனை கூர்மையாக இல்லாமல் பட்டையாக இருக்கும். ஒரே இழுப்பில் விடைக் கட்டம் நிரம்பிவிடும். எழுதப் பயன்படாத, குறிக்க மட்டுமே பயன்படும் எழுதுகோல். கருவியைப் பார்த்தால் கலை விளங்கும் என்பது இதுதான்.

கள ஆய்வு

இரவு பதினொன்றரை. விடுதித் தாழ்வாரம். முக்காலியில் ஒரு மாணவர்; குளிருக்குப் போர்வையைத் தோளில் சுற்றியிருக்கிறார். மடியில் பழைய வினாத்தாள் தொகுப்பு. பத்தி எதைப் பற்றியது என்றால், உறக்கத்தைப் பற்றியது. இரவில் போதிய உறக்கம் இல்லாவிட்டால் கற்றது மனத்தில் தங்காது என்று பத்தி சொல்கிறது. வினா: ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்ல வருவது என்ன? மாணவர் ‘ஆனால்’ என்ற சொல்லை வட்டமிட்டார். ‘ஒருபோதும்’ இருந்த ஏ-யை அடித்தார். பத்தியின் சொற்களை அப்படியே வைத்திருந்த டி-யை ஐயுற்றார். பி என்று குறித்தார்: நன்கு உறங்குக, நினைவு வலுப்படும். விடைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், சரி. முகத்தில் ஒரு நிறைவு. எழுந்து போய்த் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த தாளைத் திறந்தார். மணி பன்னிரண்டே கால்.

தடையும் விடையும்

‘இவ்வளவு பேசுகிறீரே, இப்பயிற்சியால் ஆங்கிலம் வராதா?’ எனின், வரும். ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களை நாற்பது நிமிடத்தில் மேய்ந்து, தேவையானதை மட்டும் பறித்தெடுக்கும் வேகம் வரும். ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, விமான நிலைய அறிவிப்பு எல்லாம் படிக்க அது போதும்.

‘அப்படியானால் குறை என்ன?’ எனின், குறை ஒன்றுமில்லை. பத்தி ஒன்றை எழுதியவர் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்றைச் சொல்ல நினைத்தார். அந்த யாரோ ஒருவர் மட்டும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

‘வாசித்துப் புரிந்துகொண்டே விடை எழுதலாமே?’ எனின், எழுதலாம். நேரம் போதாது.

முடிபு

ஜூன் மாத இறுதியில், பட்டம் பெற்றுப் போகிறவர்கள் வளாகத்துச் சாலையோரம் விரிப்புப் போட்டுப் பழைய பொருள்களை விற்பார்கள். மேசை விளக்கு, கித்தார், பாதி தீர்ந்த முகப்பூச்சு, அடுக்கடுக்காகத் தேர்வுப் புத்தகங்கள். இக்கட்டுரையாளர் தம் அளவியல் ஆய்வை அங்கே நடத்தினார். சொற்புத்தகத்தை மூடி அதன் வெட்டுப் பக்கத்தைப் பார்த்தால், விரல் பட்டுக் கறுத்த ஒரு பட்டை தெரியும். மரத்தின் வயதை வளையத்தில் காண்பதுபோல, மாணவரின் வைராக்கியத்தை அந்தப் பட்டையில் காணலாம். கையில் எடுத்தவற்றில் எதிலும் பட்டை ஒரு விரற்கடையைத் தாண்டவில்லை. அதற்கு அப்பால் தாள் பால்போல் வெள்ளை.

அளந்து முடித்து எழும்போது ஒரு வினாத்தாள் தொகுப்பு கையில் தட்டுப்பட்டது. எல்லாத் தாள்களிலும் வட்டம், அடிக்கோடு, குறி. முறையாகத் துலக்கப்பட்ட புத்தகம். நடுவில் ஒரு பத்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு கிழவரின் கதை. நாற்பது வருடங்களுக்கு முன் ஒருவர் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கைக்கடிகாரத்தைக் கேட்டு, அவர் மகள் கடைக்கு வருகிறாள். கிழவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளறைக்குப் போகிறார். அத்துடன் பத்தி முடிந்துவிட்டது. சொல் எண்ணிக்கை நிறைந்துவிட்டது போலும். கீழே, கிழவரைப் பற்றி நாம் அறிவது என்ன என்று தொடங்கி ஐந்து வினாக்கள்.

ஐந்துக்கும் விடை குறிக்கவில்லை. 71 மதிப்பெண். ‘ஆனால்’ வட்டமிடப்படவில்லை. பத்தியின் கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், பட்டை முனை என்பதால் தடித்த கோடுகளில், மூன்று சீன எழுத்துகள் மட்டும் இருந்தன: ‘ஹோவ் லாய் ந?’

அப்புறம்?

கடைக்காரப் பெண் புத்தகத்துக்கு மூன்று யுவான் கேட்டாள். எழுதியது நீயா என்று கேட்டேன். அறைத்தோழியுடையது, அவள் போன வாரமே ஊருக்குப் போய்விட்டாள் என்றாள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, நடந்தபடியே பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பத்தி, உறக்கத்தின் நன்மைகளைப் பற்றியது.