தீவிரம் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. ‘தீவிரம் சார்’ என்றால் கீரைக்காரம்மாகூட வீட்டைக் காட்டிவிடுவார். தீவிர இலக்கிய வாசகர். வெறும் ‘வாசகர்’ என்று சொல்லிவிட்டால், இனிஷியலை மாற்றிச் சொன்னதுபோல முறைப்பார்.

என்னை முதன்முதலாகப் பார்த்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எதிலேருந்து ஆரம்பிச்சீங்க?”

“பொன்னியின் செல்வன், சார்.”

ஆஸ்பத்திரியில் ரத்த வகையைக் குறித்துக்கொள்வார்களே, அப்படி மனசுக்குள் குறித்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக நான் வெகுஜனம்.

அவருடைய அலமாரிக்குப் பெரிய தலைவலி சுஜாதா. மனிதர் கணையாழி இலக்கிய இதழில் ‘கடைசிப் பக்கம்’ எழுதினார். அதே கையால் குமுதத்தில் தொடர்கதையும் எழுதினார். என்ன செய்வது? பாகப்பிரிவினைதான். கணையாழி சுஜாதா மேல்தட்டில். அவருடைய துப்பறியும் கதை நாயகர்கள் கணேஷ், வசந்த் இருவரும் கட்டிலுக்கடியில், மிக்சி வந்த அட்டைப்பெட்டிக்குள். ஜெயகாந்தனுக்கு வேறு கணக்கு: ‘சரஸ்வதி’யில் எழுதிய வரையில் நம்மவர், ஆனந்த விகடனுக்குப் போனபிறகு வேற்றாள். அவருக்கு ஞானபீடம் கிடைத்தபோது எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாமல், ஒரு வாரம் புத்தகங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தனவாம். சாரின் மனைவி சொன்னது.

2022-ல் பொன்னியின் செல்வன் படமாக வந்ததே, அதுதான் பேரிடி. கதை கல்கி, வசனம் ஜெயமோகன், தியேட்டரில் நிற்க இடமில்லை. மூன்று நாள் சார் வீட்டு வாசல் கதவு திறக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

சாரின் வட்டம் பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்தது. ஒருவர் டிவி பட்டிமன்றத்தில் பேசினார், நீக்கம். இன்னொருவரின் நாவல் மூன்றாம் பதிப்பு கண்டது. “நிறையப் பேருக்குப் புரியுதாமே!” என்றார் சார், துக்கம் விசாரிக்கிற குரலில். நீக்கம். மூன்றாமவரைப் புத்தகக் காட்சியில் டெல்லி அப்பளக் கடை வரிசையில் பார்த்துவிட்டார். இப்போது மிச்சம் இரண்டே பேர். சாரைத் தவிர மிச்சமிருக்கும் அந்த ஒருவர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருப்பதால் தப்பித்தார்.

என் மச்சான் இதற்கு நேர் எதிர்க்கட்சி. ராஜேஷ்குமாரைத் தாண்டியதில்லை என்பதைப் பட்டம் வாங்கினதுபோலச் சொல்வார். “பத்துப் பேர் மட்டும் படிக்கிறதுக்குப் பேர் இலக்கியமா மாப்ள, ஜாதகமா?” என்பார். அந்தப் பத்துப் பேர் படித்ததில் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியதில்லை. படிக்காமல் தீர்ப்புச் சொல்வதில் இருவரும் ஒரே கட்சி.

சார் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நடிப்பில்லை. ‘செல்லப்பா ஆளைத் தேடியல்லவா போனார் சார், நீங்கள் வந்த ஆளையும் விரட்டுகிறீர்களே’ என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் காபி வராது.

போன வருஷம் சாருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. 300 பிரதி. “இது கூட்டத்துக்காக எழுதினதில்லை” என்று சொல்லித்தான் கொடுத்தார். கூட்டமும் மறுத்துப் பேசவில்லை. கட்டுகள் மிக்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன, கணேஷ் வசந்துக்குத் துணையாக.

இப்போது தினமும் காலையில் பதிப்பாளருக்கு ஒரு போன். “லைப்ரரி ஆர்டர் வந்துடுச்சா?”

பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிற பணம் வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியிலிருந்து வருகிறது. ரூபாய்க்கு 10 பைசா. இந்த அரையாண்டுக்கு நான் கட்டிவிட்டேன், சார்.